குளிச்சாச்சு என்று சொன்னவர்

‘குளிச்சாச்சு’ என்கிற சொல்லுக்குள் ஆளே இல்லை என்று எனக்குச் சுரீரென்று பட்டது ஒரு திங்கட்கிழமை காலையில், பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கேஷுவால்டியில். கட்டிலில் ஒரு பெரியவர். மூச்சிரைப்பு என்று வந்து, மருந்து ஏறி, இப்போது தேவலை. அவரை வீட்டுக்கு அனுப்பலாமா, அனுப்பினால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாரா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. வீட்டில் தானாகக் குளிப்பாரா என்று கேட்டேன். பெரியவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டார்.

“குளிச்சாச்சு.”

சாப்பாடு? அதுவும் ஆச்சு. வெளிக்கிப் போறது? அதுவும் ஆச்சு, காலையிலேயே எல்லாம் முடித்துத்தான் கூட்டி வந்திருக்கிறேன், வேறென்ன என்றார்.

வேறொன்றும் இல்லைதான். டூட்டி டாக்டர் எட்டிப்பார்த்து, எல்லாம் ஆகிவிட்டது என்றால் அனுப்பிவிடலாமே என்றார். நான் மட்டும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். குளித்தார் என்றால் ஆள் உண்டு. குளிப்பாட்டினேன் என்றாலும் ஆள் உண்டு. குளிச்சாச்சு என்றால்? தண்ணீர் விழுந்தது, உடம்பு நனைந்தது, அவ்வளவுதான். ஊற்றியது எந்தக் கை என்று அந்தச் சொல்லைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழாது. சரி, கன்னடத்திலாவது கேட்கலாம் என்றால் அங்கே ‘ஸ்நானா ஆய்த்து’. அதிலும் ஆள் கிடையாது. ஒளிந்துகொள்ள இரண்டு மொழியிலும் இடம் இருந்தது. அவர் இரண்டிலும் குடியிருந்தார்.

அவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் பிடித்துவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பிரேசர் டவுனில் ஏதோ எலக்ட்ரிகல் கடையில் வேலை என்பார்கள். கடையில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் கேஷுவால்டியில்தான். அந்தப் பக்கத்துத் தெருக்களில் எந்தக் கிழவர் விழுந்தாலும், எந்தக் கிழவிக்கு மயக்கம் வந்தாலும், ஆட்டோ பிடிப்பது அவர். உறவு ஒன்றும் கிடையாது. அரைக்கை வெள்ளைச் சட்டை, காலருக்குள் மடித்துவைத்த கைக்குட்டை, சட்டைப் பையில் ஒரு சீப்பு. சீப்பு அவருக்காக இல்லை, அவருக்கு வழுக்கை. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் தான் கூட்டி வந்த ஆளின் தலையை வாரிவிடுவார். பிறகு முகத்துக்குப் பவுடர். கண் சொருகி விழுந்த கிழவிகூட உள்ளே வரும்போது போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தவள் மாதிரி இருப்பாள்.

அப்புறம் அந்தக் கை. வந்தவரின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத்தான் நடத்திக்கொண்டு வருவார். தாங்குகிற மாதிரியே தெரியாது. கல்யாண வீட்டில் பெரியவர்களைப் பந்திக்கு அழைத்துப்போவோமே, அந்த மாதிரி மரியாதையாக இருக்கும். பார்க்கிற டாக்டருக்கு என்ன தெரியும்? ஆள் நடந்து வருகிறார். நல்லாத்தானே நடக்கிறார். அந்த உள்ளங்கை மேல் எவ்வளவு பாரம் இறங்கியிருக்கிறது என்பது அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லமாட்டார்.

நர்ஸுகளிடம் கன்னடம், வார்டு பாய்களிடம் உருது, டாக்டரிடம் இங்கிலீஷ். கூட வந்தவரிடம் தமிழ். தமிழில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்.”

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் என்றால் உயிர். டூட்டி டாக்டர் ஹாசன் பக்கத்துக்காரர், தமிழ் அரைகுறை. காது கேட்காத ஒரு பெரியவரிடம் கத்திக் கத்தி அரைமணி நேரத்தில் வாங்கவேண்டிய விவரத்தை இவர் அரை நிமிஷத்தில் இங்கிலீஷில் கொடுத்துவிடுவார். எந்த டாக்டருக்குப் பிடிக்காமல் இருக்கும்? சிஸ்டர்களுக்குப் பேக்கரியிலிருந்து காரா பன், சூடாக. ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு யார் பெயரும் தெரியாது. என் கன்னடத்தைக் கேட்டால் சிரிப்பார்கள்.

படித்தது பிசியோதெரபி. முதலில் என்னைக் கீழ்த்தளத்தில் மெழுகு ஒத்தடம் கொடுக்கிற அறையில் போட்டிருந்தார்கள். அங்கே வருகிற வயசானவர்களில் பாதிப்பேர் கேஷுவால்டியிலிருந்து ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, வீட்டில் விழுந்து, இடுப்பு முறிந்து வந்தவர்கள். எக்ஸ்ரே பார்க்கிறீர்கள், ரத்தம் பார்க்கிறீர்கள், எழுந்து நிற்கிறாரா என்று ஏன் பார்ப்பதில்லை என்று சூப்பரின்டெண்டென்டிடம் போய்ச் சண்டை பிடித்தேன். தொல்லை தாங்காமல், காலை வேளை மட்டும் கேஷுவால்டியில் நின்று பார், கொஞ்ச நாளைக்கு, யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றால் மெழுகுக்கே திரும்பிப் போ என்று விட்டார். நான் குதித்துக்கொண்டு மேலே போனேன். முதல் நாளே இவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் ஒரு பாட்டியைக் கையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரா நர்ஸா என்று இவர் வந்து கேட்டார். இரண்டும் இல்லை என்று என் படிப்பைச் சொன்னேன். ஓஹோ கசரத்தா என்றார். உருதுவில் கசரத்து என்றால் தண்டால், பஸ்கி மாதிரி உடற்பயிற்சி. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க என் பெயர் கசரத்து. டெலிபோன் ஆபரேட்டர்கூட, கசரத்து மேடம், உங்களுக்கு ஊரிலிருந்து போன் என்பாள்.

ஒரு தடவை ரிட்டயரான தபால்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். சர்க்கரை இறங்கி மயங்கியவர். வேட்டி மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தது. தானாகக் கட்டுவாரா என்றேன். கட்டியாச்சே, கண்ணு தெரியலையா என்றார் இவர். நான் விடவில்லை. ஒரு தடவை அவிழ்த்துக் கட்டிக் காட்டட்டும் என்றேன். உள்ளே டவுசர் இருக்கிறது, சுற்றித் திரை இருக்கிறது, இது ஒரு சோதனை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதே. இவர் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்.

“பாருங்கப்பா. வயசான மனுசனை வேட்டிய அவுருங்குது இந்தப் பொண்ணு. கசரத்து காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களாம்.”

ஹாலே சிரித்தது. தபால்காரரும் சிரித்தார், அதுதான் எனக்கு ஆத்திரம். சிரிக்கும்போதே அவருடைய விரல்கள் வேட்டி முடிச்சைத் தேடித் தேடி வழுக்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, முடிச்சைத் தானே இறுக்கிவிட்டு, முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து, பேக பேக, சீக்கிரம், ஆட்டோ நிக்குது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். வேட்டி கட்டியாச்சு.

அந்த ஆள் சொல்கிற எல்லாமே பொய் என்றால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். என் கேள்விகள் சீமையில் யாரோ யோசித்தவை. சமைப்பாரா, கடைக்குப் போவாரா, துணி துவைப்பாரா என்று போகும். ஒரு பெரியவரிடம் சமைப்பாரா என்று கேட்டபோது இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மனுசன் பிறந்ததிலிருந்து அடுப்பங்கரையில் காலை வைத்ததில்லை, சம்சாரம் வைக்க விடாது, அப்படியென்றால் இவர் கல்யாணம் ஆன அன்றைக்கே முடியாதவராகிவிட்டாரா என்று கேட்டார். அன்று சாயங்காலம் அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன். எனக்கே தோன்றியது, அவர் சொன்னதற்காக இல்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் நம்பின மாதிரி தெரியவில்லை.

இந்தச் சிஸ்டர்தான் கேஷுவால்டிக்கு மூத்தவர், மண்டியாக்காரர். அந்த மனுஷர் மேல் உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு நாள் டீ குடிக்கிறபோது கேட்டார். யாரையும் பேசவிடுவதில்லை, வந்தவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை, அவர்களுக்கு என்ன முடியும் முடியாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கொட்டினேன். சிஸ்டர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். தொண்ணூற்றி ஒன்றில், காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் நடந்தபோது, தமிழில் வாயைத் திறக்க ஊரே பயந்த சமயத்தில், இவர் ஒரு பெரியவரை நெஞ்சுவலியோடு சந்துசந்தாகக் கூட்டி வந்தாராம். வழியில் நிறுத்திக் கேட்டவர்களிடமெல்லாம் கன்னடத்தில் சொன்னது ஒன்றுதானாம். நம்மப்பா, மாத்து பரல்லா. எங்கப்பா, பேச்சு வராது. அதற்குப் பிறகும் அந்த நாட்களில் அவர் கூட்டி வந்த அத்தனை பேருமே பேச்சு வராதவர்கள். சிலருக்கு அப்பா, சிலருக்கு மகன் என்று அவர் உறவை மாற்றி மாற்றிச் சொல்வார், எங்களுக்குத் தெரியும், நாங்களும் அப்படியே எழுதிக்கொள்வோம் என்றார் சிஸ்டர்.

அது அப்ப, சிஸ்டர் என்றேன். கலவரம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பேச்சு வராதவர்கள் மட்டும் அப்படியே இருந்துவிட்டார்கள். சிஸ்டர் காரா பன் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். அந்த ஆள் வாங்கி வந்ததுதான். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஸ்கூலாயா வந்தது அதற்கப்புறம்.

நர்சரி ஸ்கூல் ஒன்றில் ஆயாவாக இருந்து ஓய்ந்த அம்மாள். அதனால் எல்லோருக்கும் ஸ்கூலாயா. பிரேசர் டவுனில் ஒரு காம்பவுண்டுக்குள் ஒற்றை ரூம், தனியாக இருந்தார். குளிக்கிற இடத்தில் விழுந்துவிட்டார் என்று இவர் கூட்டி வந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது, முறிவு இல்லை, கட்டுப் போட்டாகிவிட்டது. தலை வாரியிருந்தது. பவுடர் இருந்தது. முழங்கைக்கு அடியில் கை இருந்தது. நான் நெருங்குவதற்கு முன்பே பாட்டு ஆரம்பித்துவிட்டது. குளியல் ஆச்சு, சாப்பாடு ஆச்சு, எல்லாம் ஆச்சு.

நான் அவரைப் பார்க்கவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

“தண்ணி யாரும்மா ஊத்துனது?”

இதென்ன கேள்வி, தண்ணி தானா ஊத்துது என்றார் இவர். அம்மாள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து ரூம் பொண்ணு என்றார். இன்றைக்குமா என்றேன். இல்லை, அந்தப் பெண் ஹெப்பகோடிக்குப் போய்விட்டது, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துக்கொண்டது என்றார். அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் அந்தப் பெண் தண்ணீர் ஊற்றி, கையைப் பிடித்து எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். இன்று முதல்முறையாக அம்மாள் தனியாகக் குளித்தார். விழுந்தார். நாளைக்கும் குளிப்பார்.

இவர் என்னைத் திரைக்கு வெளியே கூப்பிட்டார். அன்றுதான் கிண்டல் இல்லாமல் என்னிடம் பேசினார். அம்மாளின் மகன் பொம்மசந்திராவில் இருக்கிறான், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஃபாக்டரி வேலை, செய்தி போயிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்காரர்கள் யாராவது தனியாக இருக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரூமைக் காலிபண்ணிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனால் அம்மாளுக்குப் போக இஷ்டமில்லை.

“உன் வாயிலேர்ந்து முடியாதுங்கிற வார்த்தை வரக்கூடாது,” என்றார்.

மறுபடி விழுவாங்களே என்றேன்.

“விழுந்தா நான் தூக்கிட்டு வர்றேன். இத்தனை நாள் யாரு தூக்கிட்டு வந்தது, நீயா?”

“தூக்கிட்டு வர அவங்க உசுரோட இருக்கணும்.”

அவர் முகம் சுருங்கியது. வாய் நீளம் உனக்கு, கிருஷ்ணகிரியில அளவெடுக்காமப் பெத்துட்டாங்க என்றார். நானும் ஏதோ பதிலுக்கு ஆரம்பித்தேன். திரைக்கு உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்தது, பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்ன குரல். ரெண்டு பேரும் உள்ள வாங்க.

போனோம்.

“பொம்மசந்திராவுல ஒரே ரூமு. அவன் பகல் ஷிப்டுன்னா அவ நைட் ஷிப்டு. அங்க போனா நான் அவங்க ஷிப்டுக்குத் தூங்கணும், அவங்க ஷிப்டுக்கு எந்திரிக்கணும். என் ரூம்ல என் லைட்ட நான் அணைப்பேன்.” என் பக்கம் திரும்பினார். “உனக்கு என்ன பாக்கணும்? சொல்லு. செஞ்சு காட்டுறேன்.”

எப்படி உட்கார்ந்து குளிப்பீர்கள் என்று கேட்டேன். மணையில் என்றார். தரையோடு தரையாகக் கிடக்கிற மரப்பலகை. கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த கால்படிதான் கேஷுவால்டியில் இருந்ததிலேயே தாழ்வான சாமான். அதை இழுத்துப் போட்டேன். கட்டிலிலிருந்து தானாகவே எழுந்தார், தானாகவே ரெண்டு எட்டு வைத்தார், கால்படியில் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். இப்ப எழுந்திருங்க என்றேன். உடனே அந்த ஆளுடைய கை அம்மாளின் முழங்கைக்கு அடியில் போனது.

கையை எடுங்க என்றேன். எடுக்கவில்லை.

“எடுப்பா,” என்றார் அம்மாள்.

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார்.

அம்மாள் நல்ல கையை முட்டியில் ஊன்றி எழுந்தார். பாதியில் நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கினார். மறுபடி எழுந்தார். மறுபடி பாதி. முகத்துப் பவுடரில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. அதற்குமேல் முயலவில்லை. தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

“பாத்தாச்சா?”

அந்தச் சொல்லுக்குள் ஆள் இருந்தது. நான்தான்.

அவர் குனிந்து அம்மாளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. ஏனென்றால் நான் பார்த்தது வேறு. கட்டில் உயரத்திலிருந்து எழுகிறார், நடக்கிறார், நிற்கிறார், தலை சுற்றவில்லை. முடியாமல் போனது குளியல் இல்லை, மணை. மணைக்கும் கட்டிலுக்கும் நடுவே எங்கேயோ ஓர் உயரத்தில் அந்த அம்மாளின் ரூம் இருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்ல ஓடினேன்.

டாக்டர் மேஜைக்கு முன்னால் மகன் வந்து நின்றிருந்தான், ஃபாக்டரி யூனிபார்மோடு. அதே நேரம் வாசலில் லாரியில் அடிபட்டவனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாக உட்கார்ந்தால் அவங்களால எழுந்திருக்க முடியல, ஆனா, என்று நான் ஆரம்பித்தேன். ஆனா வரைக்கும் டாக்டர் நிற்கவில்லை. முடியல என்பது அவருக்குப் புரிகிற தமிழ். மகன் பக்கம் திரும்பி, தனியா விடாதீங்க என்று சொல்லிக்கொண்டே அடிபட்டவனிடம் ஓடிவிட்டார். மகன் தலையை ஆட்டினான். மீதி வாக்கியத்தை அவனிடம் சொன்னேன், டாக்டரே சொல்லிட்டாரே மேடம் என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அம்மாள் போகும்போது யாருடைய கையையும் பிடிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் இவர் வரவில்லை. காரா பன் வரவில்லை, சிஸ்டர்கள் என்னிடம் டீ வேணுமா என்று கேட்பதும் நின்றது. பிறகு ஒரு காலை யாரோ ஒரு பெரியவரை நடத்திக்கொண்டு வந்தார். பெரியவரை உட்கார வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“கசரத்து, ஒரு சேதி. ஸ்கூலாயா போயாச்சு. சாமானெல்லாம் கட்டியாச்சு. ரூமைப் பூட்டியாச்சு. கேளு. யாருன்னு கேளு. நீதான் எல்லாத்துக்கும் யாருன்னு கேக்குறவளாச்சே.”

அன்று வேட்டிக்குச் சிரித்த ஹால் இன்று சிரிக்கவில்லை. டாக்டர்தான் என்று சொல்ல வாய் வந்தது. மகன்தான் என்றும் வந்தது. இரண்டையும் சொல்லாமல் வேறொன்று கேட்டேன்.

“சாவி யாருகிட்ட இருக்கு?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்கிட்ட என்றார். வீட்டுக்காரர் வேறு ஆள் பார்க்கிறார், மாசக் கடைசி வரைக்கும் சும்மா கிடக்கும்.

மணையைப் பற்றிச் சொன்னேன். கட்டில் உயரத்தைப் பற்றிச் சொன்னேன். முட்டி உயரத்தில் ஒரு ஸ்டூல், பக்கெட்டை அதே உயரத்துக்குத் தூக்கி வைக்க ஒரு முக்காலி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், குறுக்கே பேசவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. முடித்ததும், இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு என்றார். நீங்க எங்க பேச விட்டீங்க என்றேன். அன்று என்னைப் பேச விடாதது அவர் இல்லை, லாரி. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் அவர் மறுக்கவில்லை, நானும் திருத்தவில்லை. இருந்த சண்டையே போதும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொம்மசந்திரா பஸ்ஸில் ஏறினோம். நான் ஜன்னலோரம், மடியில் பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல். அவர் எனக்கு நேர் முன் சீட்டில், பக்கத்து இடம் காலியாக இருந்தும். ஒரு தடவை திரும்பி ஸ்டூலின் காலை ஆட்டிப் பார்த்தார். ஈரத்தில் வழுக்கும் என்றார். காலுக்கு ரப்பர் மாட்டியிருப்பதைக் காட்டினேன். அம்மாள் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். கேட்டாத்தானே தெரியும் என்றேன். மகன் விடமாட்டான் என்றார். அவங்க எழுந்திருக்கிறதை அவன் கண்ணால் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்றேன். அப்புறம் முக்கியமானதைச் சொன்னேன். அவங்க குளிக்கிற நேரம் நீங்க வாசல்ல நிக்கணும், குரல் கொடுக்கக்கூடாது, விழுந்துவிடுவார்களோ என்கிற கவலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் எதுக்கு வாசல்ல என்றார். உங்க கை என்றேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். முன்னால் திரும்பிக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். ஸ்டூலை விரலால் தட்டி, யார்து இது என்று கன்னடத்தில் கேட்டார். பஸ்ஸில் கன்னடத்தில் யார் எது கேட்டாலும் பதில் சொல்ல ஒருத்தர் இருக்கிறார் என்று நான் சும்மா இருந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. தாடையால் என் பக்கம் காட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் சிக்கித் திணறட்டும் என்றுதான் விட்டார், அந்தத் தாடையிலேயே தெரிந்தது. நந்து என்றேன், என்னுடையது. உச்சரிப்புக்குப் பின்சீட்டில் ஒருவன் சிரித்தான். கண்டக்டர் போய்விட்டார்.

ஓசூர் ரோட்டில் பஸ் ஊர்ந்தது. நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் அம்மாளிடம், உங்களுக்குத் திரும்பி வரணுமா என்று கேட்க வேண்டும், அதை இதுவரை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. வரணும் என்றால் ஸ்டூலைப் போடுவேன். தண்ணீரை அவங்களே மொள்ளணும், அவங்களே ஊற்றிக்கொள்ளணும், எழுந்து புடவை சுற்றிக்கொண்டு வெளியே வரணும். மகனும் இவரும் வாசலில் நிற்கட்டும், இவர் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு. வெளியே வந்ததும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ‘குளிச்சேன்’ என்று அவங்க வாயால் பதில் வரணும். குளிச்சாச்சு என்று வந்தால், யார் முறைத்தாலும் சரி, மறுபடி ஸ்டூலில் உட்கார வைப்பேன்.